எல்லை தாண்டிய கரகம்

“ஒன் பேச்சக் கேட்டு நம்ம லயத்துக் கோழிகூடக் கூட்டுக்குள்ள போகாது புள்ள. அந்த மைக்கக் கீழ வச்சுட்டு வந்து தேத்தண்ணியக் குடி.”

சொன்னவர் என் தாய்மாமன் ராமையா. நான் அப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் அலுவலகத்து ஒலிபெருக்கி. இன்னொரு கையில், சேறு படாமல் தூக்கிப் பிடித்த சேலைக் கொசுவம். தொண்டை வறளப் பேசி முடித்திருந்தேன். பேச்சின் சாரம் இதுதான்: மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, மண் இறங்கப் போகிறது, எல்லாரும் இப்போதே கிளம்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்.

லயமே இஸ்தோப்புத் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து கேட்டது. மிக மரியாதையாகக் கேட்டது. முடிந்ததும் கை தட்டியது.

மண்சரிவு எச்சரிக்கைக்குக் கை தட்டிய சனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

“நல்லாப் பேசுது நம்ம புள்ள. டிவியில பேசுற மாதிரியே இருக்கு,” என்றார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய பல்கலைக்கழக விடுதிக் கதையைப் படித்துவிட்டு, பதுளையில் ஒரு புடவைக்கடை முதலாளி என்னை நிறுத்திக் கேட்டார்: “அவ்வளவு படிச்சதுக்கு என்ன வேலைம்மா கெடச்சுச்சு?” இதோ, இதுதான், முதலாளி. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். மழை பெய்தால் மலையடிவாரத்து மக்களை வெளியேறச் சொல்வதும் அதில் அடங்கும்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். மாதச் சம்பளத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. இடம் கிடைத்தால் சொல்வேன். இங்கே பத்திரிகை ஆசிரியர் இடம் கொடுத்திருக்கிறார்.

நான் படித்தது உளவியல். அதில் ஒரு பருவம் முழுக்க, மற்றவர் மனத்தை எப்படி மாற்றுவது என்பதுதான் பாடம். அந்தப் பாடத்தில் என் பரீட்சைப் புள்ளிகளைப் பார்த்து விரிவுரையாளரே வாயைப் பிளந்தார். அந்தப் புள்ளிகளோடு வந்து நான் முதன்முதலில் மனத்தை மாற்ற முயன்ற கூட்டம்தான் எனக்குக் கை தட்டியது.

மலைக்கும் மாமாவுக்கும் நடுவில்

எங்கள் தோட்டம் ஸ்பிரிங்வெளிப் பக்கம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது அம்மாவுக்குப் பேச்சு விழும்.

லயத்துக்குப் பின்னால் மலை. மலையில் தேயிலை, அதற்கு மேலே ஒரு பெரிய கல். அந்தக் கல்லின் அடியில்தான் வெடிப்பு. முதலில் விரல் போகும் அளவுக்கு இருந்தது, பிறகு கை போகும் அளவுக்கு. அந்த வாரம் மலை ஊற்றிலிருந்து பீலியில் வந்த தண்ணீர் தேத்தண்ணிச் சாயம் போலக் கலங்கி வந்தது. மாமாவின் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா சமைக்கிற குசினியின் கதவு திடீரென்று சாத்த மறுத்தது. படித்தவர்களுக்கு இதெல்லாம் மலை நகர்வதன் அறிகுறி. பாக்கியம் அக்காவுக்கு அது தச்சன் ஒழுங்காகக் கதவு போடாததன் அறிகுறி.

சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டது. வந்த நாள்தான் சரியில்லை. கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டிப் போய் இராத்தங்கக் கூடாது. பகலில் வெலிமடைக்குப் போகலாம், தெமோதரைக்குப் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். எங்களுக்கு எல்லை, லயத்துக்குக் கீழே ஓடுகிற ஆறு. பள்ளிக்கூடம் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

கோயில் கமிட்டித் தலைவர் ராமையா மாமா. கரகம் தூக்குகிறவரும் அவரே. மஞ்சள் காப்பு கட்டிய மணிக்கட்டை அடிக்கடி மேலே தூக்கித் தூக்கிப் பேசினார், போக்குவரத்துப் பொலிஸ்காரர் மாதிரி.

அவரை விடுங்கள். அம்மாவும் வர மறுத்தாள்.

“மாவிளக்கு எடுக்குறதா நேந்திருக்கேன்,” என்றாள். “காப்புக்குள்ள எல்லை தாண்டிப் போய்ப் படுத்துட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆத்தா முன்னால நிப்பேன்?”

“என்னா நேத்திம்மா, உசுர விடப் பெருசு?”

“ஒனக்கு கவுமென்ட் வேல கெடைக்கணும்னு வச்ச நேத்திடி.”

அவள் வேண்டிக்கொண்டு எனக்குக் கிடைத்த வேலை, அவளை வெளியேறச் சொல்கிறது. அந்த வேலைக்காக வைத்த நேர்த்தி, அவளை மலைக்கு அடியில் உட்கார வைத்திருக்கிறது.

“ஆத்தாளுக்கு இதெல்லாம் பாக்கவா நேரமிருக்கு?” என்றேன் கோபத்தில். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருவரின் நம்பிக்கையை அடித்துப் பேசினால் அவர் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். இதைப் பரீட்சையில் நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

தலையாட்டும் கலை

மதியத்துக்குப் பிறகு எங்கள் மேலதிகாரி, அலுவலகத்து சேர், ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர், சிங்களவர். தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் தைரியமாகப் பேசுவார்.

“இங்க இருந்தா ஆபத்து. எல்லாம் போகணும். சரி தானே?”

“ஆமாங்க சேர்.” லயம் முழுக்க ஒரே குரல்.

“இப்பவே போகணும்.”

“போறோங்க சேர்.”

சேர் மகிழ்ந்துபோனார். “பாருங்க தர்ஷினி, நல்ல மனுசங்க. சொன்னா கேக்குறது தானே,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த மலைக்கு ஜீப்பை விட்டார். ஜீப் வளைவில் மறைந்ததும் லயம் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டியது.

சேருக்குத் தெரியாத ஒன்று எனக்குப் பிறவியிலேயே தெரியும். எங்கள் ஆட்கள் தலையாட்டினால் அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை. “நீங்கள் பேசி முடித்துவிட்டீர்கள், போய்வாருங்கள்” என்று பொருள். கங்காணிக்குத் தலையாட்டி, கணக்கப்பிள்ளைக்குத் தலையாட்டி, தோட்ட நிர்வாகியான தொரைக்குத் தலையாட்டி, தொழிற்சங்கத் தலைவருக்குத் தலையாட்டி, தலைமுறை தலைமுறையாகத் தேர்ச்சி பெற்ற கலை அது. எதிர்த்துப் பேசினால் பெயர் விழும். தலையாட்டினால் வந்தவர் போய்விடுவார், நாம் நம் வேலையைப் பார்க்கலாம்.

பொலிஸைக் கூட்டிவரலாமே என்று நீங்கள் கேட்கலாம். முன்பொரு மழைக்காலத்தில் கூட்டிவந்தார்கள். எல்லாரும் ஒழுங்காக லொறியில் ஏறினார்கள். இருட்டுவதற்குள் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் எல்லாரும் லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள், பொலிஸ் கொடுத்த பாண் ரொட்டியோடு.

வெள்ளைச் சப்பாத்தா, கறுப்பா

எங்கள் வீட்டில் உண்மையான வித்தைக்காரி அம்மாதான். அவள் என்னைப் படிக்க வைத்த விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் முடிந்ததும், பதுளைக்கு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அப்பாவிடம் “அனுப்பலாமா?” என்று கேட்டிருந்தால், “பொட்டப் புள்ளைக்கு எதுக்கு” என்று அந்தக் காலத்து அப்பாக்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்த பதில் வந்திருக்கும்.

அவள் அதைக் கேட்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா குளித்துவிட்டுத் தலை துவட்டும் நேரம் பார்த்து, “டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கால்ல போட்டுப் போக வெள்ளைச் சப்பாத்து நல்லாருக்குமா, கறுப்பு நல்லாருக்குமாங்க?” என்றாள்.

அப்பா தீவிரமாக யோசித்தார். வெள்ளை என்றால் அழுக்காகும், கறுப்பு என்றால் மங்கும், மழைக்கு எது தாங்கும் என்று நீளமாக ஆராய்ந்து, “வெள்ளையே வாங்கு, சுண்ணாம்பு பூசிக்கிடலாம்” என்று தீர்ப்புச் சொன்னார். நான் போகலாமா வேண்டாமா என்ற கேள்வி அந்த வீட்டில் எழவேயில்லை. பிறகு சாகும்வரை, “நான்தான் புள்ளைய டவுனுக்கு அனுப்புனேன்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அப்போதெல்லாம் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

எங்கள் விரிவுரையாளர் கரும்பலகையில் அம்புக்குறிகளாகப் போட்டு விளக்கியதை, அவள் ஒரு சோடிச் சப்பாத்தில் முடித்துவிட்டாள்.

பாக்கியம் அக்காவின் முகம்

இன்னொரு பழைய கதை. எண்ணெயில்லாமல் தோசை சுடும் கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு டவுனிலிருந்து ஒரு வியாபாரி லயத்துக்கு வந்தார். கடல் மடை திறந்ததுபோலப் பேசினார். தானே தோசை ஊற்றித் தானே திருப்பித் தானே தின்று காட்டினார். லயம் தோசையைப் பார்க்கவில்லை, வியாபாரியையும் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் பாக்கியம் அக்காவின் முகத்தில்.

பாக்கியம் அக்கா எங்கள் லயத்தில் பெரிய ஆளெல்லாம் இல்லை. கமிட்டியிலும் இல்லை, சங்கத்திலும் இல்லை. ஆனால் அவள் முகம் சுளித்தால் லயம் சுளிக்கும். அன்று அவள் தோசையின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு, “எண்ணெய் ஊத்தாம இத எதுக்குத் திங்கணும்?” என்றாள். வியாபாரி மூட்டையைக் கட்டினார்.

அந்த வியாபாரி அடுத்த லயத்தில் புத்தியோடு நடந்துகொண்டார் என்று கேள்வி. பேச்சைக் குறைத்து, அந்த லயத்துக் கெட்டிக்காரி ஒருத்தியிடம் கரண்டியைக் கொடுத்து, “நீங்களே சுட்டுப் பாருங்கக்கா” என்றாராம். அங்கே மூட்டை காலி.

தேர்தல் காலத்தில் வருகிறவர்களும் இந்த ரகம்தான். ஒவ்வொரு முறையும் கூரைத் தகரம் தருவதாகச் சொல்வார்கள், ஒவ்வொரு முறையும் நம்மவர்கள் வாக்குப் போடுவார்கள். பொய் என்று தெரியாமலா? அவர்கள் வந்து ரொட்டி கேட்டுச் சாப்பிடுகிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், “நீங்க இல்லாம நான் இல்ல” என்கிறார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் நின்றுகொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் சொன்னேன்.

கேட்டுவிட்டு வாயை மூடுதல்

மழை சற்று விட்டது. பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. ஒலிபெருக்கியை வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மாமாவின் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தேன். மாமி தேத்தண்ணி தந்து, உள்ளங்கையில் சீனியும் வைத்தாள். சீனியை நக்கி நக்கித் தேத்தண்ணியைக் குடித்தேன். உத்தியோகத்தர் செய்யத் தகாத காரியம் என்பதால் லயம் என்னைக் கொஞ்சம் அன்பாகப் பார்த்தது.

“மாமா, எனக்கு ஒரு வெவரம் தெரியணும்.”

பட்டம் வாங்கிய பிறகு நான் அவரிடம் கேட்ட முதல் சந்தேகம் அது. மாமாவின் முதுகு நிமிர்ந்தது. “கேளு.”

“நம்ம ஆத்தாளுக்கு எல்லை எது?”

“ஆறுதான். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். படிச்சவ, ஒனக்குத் தெரியல.”

இதற்கு என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. மூன்றையும் சீனியோடு விழுங்கினேன்.

“தொரை பங்களா ஆத்துக்கு அந்தப் பக்கம்ல இருக்கு?”

“அதுக்கென்னா?”

“வருசா வருசம் கரகம் பங்களாவுக்குப் போகுதே மாமா. சாமி எப்படி எல்லைய விட்டுப் போகுது?”

“ஏ புள்ள, சாமிக்கே எல்லை போடுறியா நீ? கரகம் போய் எறங்குற எடமெல்லாம் ஆத்தா எல்லைதான். அன்னைக்கு பங்களாவும் எல்லைக்குள்ளதான்.”

அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே கடினமான வேலை அதுதான். முடிவு நாக்கின் நுனியில் நிற்கிறது. நான் சொன்னால் அது படித்த திமிர், அவர் சொன்னால் அது ஐதீகம். காலி கோப்பையை வாயில் வைத்து இல்லாத தேத்தண்ணியைக் குடித்தேன்.

பக்கத்து இஸ்தோப்பில் பாக்கியம் அக்கா கறிக்கு லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

“தொரை வீட்டுப் படியேறுற ஆத்தா, நம்ம புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துப் படியேற மாட்டாளாக்கும்?”

மாமா திரும்பினார். “ஏற மாட்டான்னு நான் சொன்னேனா?”

“சொல்லல. இதுவரைக்கும் ஏறுனதும் இல்ல.”

“கூப்புட்டாத்தானே ஏறுவா.”

“கூப்புட வேண்டியவரு இஸ்தோப்புல குந்திக்கிட்டு இருக்காரு.”

லயம் சிரித்தது. மாமா மணிக்கட்டுக் காப்பைத் தடவினார். மேலே மலையைப் பார்த்தார். அன்று முழுக்க அவர் மலையைப் பார்த்தது அப்போதுதான். பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. பயப்பட ஒரு கௌரவமான வழிதான் இல்லாமல் இருந்திருக்கிறது.

“போகலாம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு,” என்றார். “கரகத்த அங்க எறக்கி வச்சா தனியா விட்டுட்டு வர முடியாது. சனம் முழுக்கக் கூட இருக்கணும்.”

“அய்யோ, அப்படியா மாமா? என்னா பண்றது?” என்றேன் மிகுந்த கவலையுடன். பல்கலைக்கழக நாடகக் குழுவில் என்னை ஏன் சேர்க்கவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

“என்னா பண்றது? சட்டி பானையத் தூக்கிக்கிட்டு எல்லாரும் கெளம்ப வேண்டியதுதான்!” மாமா எழுந்தார். “தப்புக்காரவங்களக் கூப்புடு!”

ஆத்தாள் படியேறினாள்

ஒலிபெருக்கிக்கு எழாத லயம் தப்பு மேளச் சத்தத்துக்கு எழுந்தது. வேப்பிலையும் செவ்வரளியுமாய் மாமாவின் தலையில் கரகம். பின்னால் பாய், போர்வை, ரேடியோ, ஆடு. மலைக்கு அடியில் இருந்த அத்தனை பேரும்.

பாக்கியம் அக்கா தன் வீட்டுக் காம்பராவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியதைப் பார்த்த பிறகுதான் கடைசி இரண்டு வீடுகளும் கிளம்பின.

அம்மா கதவைத் திறந்து வெளியே வந்தாள். கையில் மாவிளக்குத் தட்டு, கக்கத்தில் பாய். நான் வாயைத் திறந்தேன்.

“நீ ஒன்னும் சொல்லாத,” என்றாள். “ஆத்தா போறா, நான் போறேன்.”

அவள் பாயை வாங்கி என் தலையில் வைத்துக்கொண்டேன். சேலைக் கொசுவம் சேற்றில் புரண்டது.

விளக்கேற்றுகிற நேரம் மழை மீண்டும் பிடித்தது. பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கரகத்தைச் சுற்றி அரிசி வேகிற மணமும் சாம்பிராணியும். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. லொறியிலிருந்து கல்லைக் கொட்டுவது போல, ஆனால் நிற்காமல். தப்பு நின்றது. அம்மா என் கையைப் பிடித்தாள். நகம் பதியும் அளவுக்கு இறுக்கமாக.

விடிந்து போய்ப் பார்த்தோம். பெரிய கல் அப்படியே இருந்தது. அதன் கீழிருந்த மண் மட்டும் வழுக்கி இறங்கியிருந்தது. பாக்கியம் அக்காவின் குசினி இருந்த இடத்தில் மண்ணும், வேரோடு ஒரு தேயிலைச் செடியும். மாமாவின் இஸ்தோப்பு நிறையச் சேறு. எங்கள் காம்பராவின் பின்சுவர் உள்பக்கமாகப் புடைத்து, மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் அம்மா படுப்பாள்.

பாக்கியம் அக்கா நெடுநேரம் நின்று பார்த்தாள். “கதவு சாத்தலன்னு தச்சனத் திட்டுனேன்,” என்றாள். “இப்ப கதவே இல்ல.” சிரித்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள்.

யாரை மசிய வைப்பது

மாமா இப்போது தோட்டத்தில் பெரிய மனிதர். “ரெண்டு நாளாவே எனக்கு மனசுல ஆத்தா சொல்லிக்கிட்டே இருந்தா, பள்ளிக்கூடம் போகணும்னு,” என்று கேட்பவருக்கெல்லாம் சொல்கிறார். நான் பக்கத்தில் நின்றாலும் சொல்கிறார். ஆத்தாளுக்கு விழுந்த மாலைகளில் இருந்து எனக்கு ஓர் இதழ்கூட வரவில்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யோசனை தன்னுடையது என்று மாமா நம்பியதால்தான் அன்று நடந்தார். பாதியில் நான் பங்கு கேட்டிருந்தால் ஆற்றங்கரையிலேயே கரகத்தை இறக்கியிருப்பார்.

ஆத்தாளை நான் ஏமாற்றியதாகச் சிலர் எழுதக்கூடும். அப்படியில்லை. அந்த மலையின் மீது அவளுக்கும் நம்பிக்கை போயிருந்தது என்றே நினைக்கிறேன், அழைத்ததும் கிளம்பிவிட்டாள்.

“எப்படிச் செஞ்சது தர்ஷினி?” என்று சேர் கேட்டார். “சமூகப் பங்களிப்பு சேர்,” என்றேன். தலையாட்டினார்.

எச்சரிக்கை நீங்கியது. பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்றார்கள். சனம் எங்கே போகும்? மண்வெட்டியை எடுத்து இஸ்தோப்பைச் சுத்தம் செய்துகொண்டு லயத்துக்கே திரும்பியது. அம்மாவும்தான். என் பதுளை வாடகை அறைக்குக் கூப்பிட்டேன். “பெரட்டுக்கு யாரு போறது?” என்றாள். இப்போது பாயை முன்சுவர்ப் பக்கம் போட்டுப் படுக்கிறாள்.

இங்கேதான் என் படிப்பின் மீதே எனக்குக் கோபம் வந்தது. ஏழைகளை எப்படி இணங்க வைப்பது, லயத்துச் சனத்தின் பிடிவாதத்தை எப்படி உடைப்பது என்றே எல்லாரும் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். எங்கள் சனம் ஒரே மாலையில் இணங்கிவிட்டது. வேறிடத்தில் வீடு கட்ட ஒரு துண்டு நிலம் கொடுக்கத்தான் இன்னும் யாரும் இணங்கவில்லை. தோட்டம் அரசைக் கேள் என்கிறது, அரசு தோட்டத்தைக் கேள் என்கிறது. இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார்கள். தலையாட்டலைப் பற்றி எனக்குத் தெரியாதா?

நிலத்தைப் பற்றிப் பேச அரசு அதிகாரிகளும் தோட்டத்துத் தொரையும் கூடும் கூட்டம் வழக்கமாக எங்கள் அலுவலகத்து மாடியில் நடக்கும். மின்விசிறி உண்டு, பட்டீஸ் உண்டு, முடிவு கிடையாது. இந்த முறை மாமாவை வெற்றிலைத் தட்டோடு பங்களாவுக்கு அனுப்பி, ஆத்தாளுக்கு நன்றிப் பூசை, தொரைதான் முதல் மரியாதை வாங்க வேண்டும் என்று அழைக்க வைத்தேன். தட்டோடு வந்து நிற்கிறவரிடம் எந்தத் தொரையும் முடியாது என்று சொன்னதில்லை. தொரை பூசைக்கு வருவதால் கூட்டத்தையும் லயத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று சேரிடம் கேட்டேன். அவருக்கும் நல்ல யோசனையாகப் பட்டது. போன முறை தானே அதை நினைத்ததாகவும் சொன்னார்.

கூட்டம் இன்று பின்னேரம், எங்கள் காம்பராவுக்குள். வானம் காலையிலிருந்தே மப்பாக இருக்கிறது. கோயிலிலிருந்து நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டுவிட்டேன். தொரையின் நாற்காலியைப் பின்சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறேன், விரிசல் அவர் தோளுக்கு நேராக வரும்படி.